பத்து மணி ரீடிங்

குருவுக்கு வெள்ளைத் தாடியும் சீடனுக்கு அரும்பு மீசையும் இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தொன்பது. பெயர் ஜெசிந்தா ரோச், தூத்துக்குடிக்காரர். சீடருக்கு ஐம்பத்தெட்டு. பெயர் கோமதிநாயகம், சங்கரன்கோவில் பக்கம். குரு சீடரை "அண்ணாச்சி" என்று கூப்பிடுவார். சீடர் குருவை "மேடம்" என்பார். தாங்கள் குரு, சீடர் என்று இருவருமே நினைத்துக்கொண்டதில்லை. கேன்டீன்காரர்கள்தான் அப்படிச் சொன்னார்கள், அதுவும் கிண்டலாக.

கிழக்குக் கடற்கரையில் ஒரு காஸ் நிலையம். அங்கிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி, கடலுக்குள் இரும்புக் கால்களில் ஒரு பிளாட்ஃபார்ம் நிற்கிறது. கிணற்றிலிருந்து அங்கே வரும் காஸ், கடலடியில் கிடக்கும் ஒரே குழாய் வழியாகக் கரைக்கு வந்து சேர வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அது வராமல் நின்றுவிட்டது.

குழாய்க்குள் கட்டி.

காஸோடு எப்போதும் கொஞ்சம் தண்ணீரும் சேர்ந்து வரும். கடலின் ஆழத்தில் குளிர் அதிகம். குழாய்க்குள் அழுத்தமும் அதிகம். இரண்டும் சேரும்போது தண்ணீரும் காஸும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு வெள்ளையாக உறைந்துவிடும். பார்த்தால் பனிக்கட்டி, தீக்குச்சி வைத்தால் எரியும். அப்படி உறையாமல் இருக்க, பிளாட்ஃபார்மில் ஒரு சின்னப் பம்பு ஓயாமல் மெத்தனாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்க்குள் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பம்பு அன்று நின்றுபோனது. நின்றபோது பிளாட்ஃபார்மில் ஷிப்ட் பொறுப்பில் இருந்தவர் கோமதிநாயகம்.

"பதினொரு மணிக்கு நின்றது. நாற்பது நிமிடத்தில் மறுபடி ஓட்டிவிட்டேன்" என்று எழுதிக் கொடுத்திருந்தார். எந்திரம் என்றால் நிற்கத்தான் செய்யும். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. இருபத்தொன்பது வருட வேலையில் அவர் பேரில் ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. ஓய்வுக்கு இன்னும் இரண்டே வருடம்.

கட்டியை எடுக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஜெசிந்தா வந்தார். இதற்கென்றே ஊர் ஊராகப் போகிறவர். 'கட்டி டாக்டர்' என்று அவருக்கு ஒரு பெயர் உண்டு. அந்தக் குழாயை நன்றாகத் தெரிந்த ஆள் ஒருவர் கூடவே வேண்டும் என்றார். கரைக்கு இறங்கியிருந்த கோமதிநாயகத்தை அனுப்பினார்கள்.

"நேத்துப் பிறந்த பிள்ளைட்ட நான் பாடம் படிக்கணுமாக்கும்" என்று அவர் முதல் நாள் கேன்டீனில் முணுமுணுத்தார். ஆனாலும் போனார்.

போனதும் கேட்டார்.

"மேடம், கிணத்துல தொண்ணூறு கிலோ அழுத்தம் இருக்கு. முழுசாத் திறந்து விட்டா ஒரே தள்ளு. கட்டி கரைக்கு வந்திரும்லா?"

ஜெசிந்தா கேன்டீனிலிருந்து ஒரு உருளைக்கிழங்கு வாங்கி வரச் சொன்னார்.

அவர் வாங்கி வந்ததும் அதை விரல் கனத்துக்கு வில்லைகளாக நறுக்கினார். மை தீர்ந்த பேனா ஒன்றைப் பிரித்து, வெறும் குழலை எடுத்து, அதன் ஒரு முனையை வில்லையில் குத்தி எடுத்தார். குழலின் முனையில் உருளைக்கிழங்கு அடைத்துக்கொண்டது.

"ஊதுங்க அண்ணாச்சி."

கோமதிநாயகம் ஊதினார். ஒன்றும் நடக்கவில்லை. கன்னம் இரண்டும் உப்ப, கண் பிதுங்க ஊதினார். டப்பென்று பறந்த துண்டு, மேனேஜரின் தலைக்கு மேல் மாட்டியிருந்த பாதுகாப்பு வார விழா போஸ்டரில் போய் அப்பியது. மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, ஃபைலைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டார்.

"இந்தத் துண்டு அரை கிராம் இருக்குமா?" என்றார் ஜெசிந்தா. "அங்க இருக்கிற கட்டி ரெண்டு டன்னாவது இருக்கும். கரையில வால்வுகிட்ட யாரு நிப்பாங்க?"

கோமதிநாயகம் போஸ்டரைப் பார்த்தார்.

"சரி, கிணத்துப் பக்கம் தள்ள வேண்டாம். கரைப் பக்கம் மட்டும் அழுத்தத்தை இறக்கினா?"

"பின்னாலருந்து தள்ளினா என்ன, முன்னால இடம் குடுத்தா என்ன? அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். கிளம்பிரும்."

"அப்ப என்னதான் செய்ய?"

ஜெசிந்தா குழலை இன்னொரு வில்லையில் குத்தி, அடைத்த குழலை மின்விசிறிக்குக் கீழே மேஜைமேல் வைத்தார். வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனார்.

அன்று முழுவதும் அது அங்கேயே கிடந்தது. மறுநாள் மதியம் குழலைக் கையில் எடுத்துச் சாய்த்தார். காய்ந்து சுருங்கிய துண்டு, ஊதாமல், தட்டாமல், தானாக நழுவி உள்ளங்கையில் விழுந்தது.

"ரெண்டு பக்கமும் அழுத்தத்தை ஒண்ணுபோல இறக்கணும் அண்ணாச்சி. அழுத்தம் போனா கட்டி தானா இளகும். இறக்கிட்டுச் சும்மா இருக்கணும்."

அன்றைக்கே வேலை தொடங்கியது. பிளாட்ஃபார்ம் பக்கமும் கரைப் பக்கமும் ஒரே அளவில், நாளுக்குக் கொஞ்சமாக, காஸை வெளியேற்றி எரித்தார்கள். பிளாட்ஃபார்மில் அதைச் செய்தவன் கிளாட்வின் என்ற மெக்கானிக், இடிந்தகரைக்காரன். வயது முப்பது. வாய் ஓயாது. ஷிப்டில் கோமதிநாயகத்தின் முழங்கால் வலிக்கு அவன்தான் தைலம் தேய்த்துவிடுவான். ரேடியோவில் அழுத்தத்தைச் சொல்லும்போதுகூட, "எழுபத்திரெண்டு, ஓவர். அண்ணாச்சிக்குக் கால் எப்படி இருக்கு, ஓவர்" என்று கேட்பான்.

நாளுக்கு மூன்று தடவை மேனேஜர் ஃபோன் செய்தார். இன்னும் எத்தனை நாள், எத்தனை நாள் என்று ஒரே நச்சரிப்பு. ஐந்தாம் நாள் கோமதிநாயகமும் கேட்டுவிட்டார்.

"எப்பத்தான் கரையும் மேடம்?"

"மீன்பிடித் துறைமுகத்துல ஐஸ் உடைக்கிறவர் இருப்பாரே. அவர்ட்ட கேட்டுட்டு வாங்க."

அவர் மெனக்கெட்டுப் பஸ் ஏறிப் போனார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். முகம் சரியில்லை.

"என்ன சொன்னார்?"

"திட்டினான் மேடம். கரையாம இருக்கத்தான்யா உமியைப் போட்டு மூடி வச்சிருக்கேன், கரையுறதுக்கு நாள் பாக்க வந்தியாங்கான்."

ஜெசிந்தா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"முப்பது வருஷமா ஐஸோட இருக்கிறவருக்கே தெரியலையா? அப்ப நான் எங்க போக?"

"மேனேஜர்ட்ட என்ன சொல்ல?"

"ஐஸ்காரர் சொன்னதையே சொல்லுங்க."

கோமதிநாயகம் சொல்லவில்லை. ஆனால் அன்று முதல் மேனேஜரின் ஃபோன் வந்தால் அவரே எடுத்து, "பாத்துக்கிட்டிருக்கோம் சார்" என்று சொல்லி வைத்துவிடுவார். முணுமுணுப்பெல்லாம் போயே போய்விட்டது. அதற்குக் காரணம் உருளைக்கிழங்கு இல்லை. ஜெசிந்தா அவரிடம் கேள்வி கேட்டார். குழாய் எந்த இடத்தில் பள்ளத்தில் இறங்குகிறது, எங்கே மேடேறுகிறது, பழைய நாட்களில் எங்கே தண்ணீர் தேங்கும் என்றெல்லாம் கேட்டு, அவர் சொல்வதை ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். இருபத்தொன்பது வருடத்தில் அவர் சொல்லி யாரும் ஒன்றை எழுதிக்கொண்டதில்லை. மற்றவர்கள் சொல்ல அவர் எழுதித்தான் பழக்கம். வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதை இரண்டு தடவை சொன்னார். மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதனால்தான் ஒன்றைச் சொல்ல முடியாமல் இருந்தார்.

அது இதுதான். மெத்தனால் பம்பு பிளாட்ஃபார்மின் அடித்தளத்தில் இருக்கிறது. இறங்கிப் போக அறுபத்துநான்கு இரும்புப் படி. மணிக்கொருதரம் இறங்கி, பம்பு ஓடுகிறதா, தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, அங்கே தொங்கும் தாளில் ரீடிங் எழுத வேண்டும். முழங்கால் உள்ளவன் எவனும் மணிக்கொருதரம் இறங்க மாட்டான். ஒருதரம் இறங்கும்போதே அடுத்த இரண்டு மணிக்கும் சேர்த்து எழுதிவிடுவார்கள். அதற்கு 'அட்வான்ஸ் போடுவது' என்று பெயர். எல்லா ஷிப்டிலும் உண்டு. பம்பு ஓடிக்கொண்டே இருக்கும்வரை அதில் ஒரு பொய்யும் கிடையாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்குக் கோமதிநாயகம் இறங்கிப் போனார். ஒன்பது, பத்து, பதினொன்று, மூன்றுக்கும் 'ஓடுகிறது' என்று எழுதிவிட்டு ஏறி வந்தார். பத்து மணி தாண்டிச் சத்தம் மாறியது. இறங்கிப் பார்த்தால், பம்பு காற்றை வாங்கிவிட்டு வெறுமனே ஆடிக்கொண்டிருக்கிறது. ஒரு சொட்டுப் போகவில்லை. எப்போதிலிருந்து என்றும் தெரியவில்லை. அவசரமாகக் காற்றை எடுத்துவிட்டு ஓட்டினார். தாளைப் பார்த்தார். பத்து மணி ஏற்கெனவே எழுதியிருந்தது. 'ஓடுகிறது.'

அப்படியே விட்டுவிட்டார்.

காற்றை அவர் முழுதாக எடுக்கவில்லை போல. ஒரு மணி நேரத்தில் பம்பு மறுபடியும் நின்றது. இந்தத் தடவை கிளாட்வின் கூட இருந்தான். பதினொரு மணியை அடித்துத் திருத்தி எழுதினார். பத்து மணியைத் தொடவில்லை. ஒரு தடவை நின்றதற்கும் இரண்டு தடவை நின்றதற்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். பன்னிரண்டு நாளாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாம் நாள் இரண்டு பக்கமும் அழுத்தம் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. கட்டி பிளாட்ஃபார்மிலிருந்து ஒரு கிலோமீட்டரில் இருக்கிறது என்று ஜெசிந்தா கணக்குப் போட்டிருந்தார். குழாய் தொடங்கும் இடத்தில் ஒரு வட்டக் கதவு உண்டு. அதைத் திறந்து, மெல்லிய நீளக் குழாய் ஒன்றை உள்ளே செலுத்தி, கட்டியின் முகத்திலேயே மெத்தனாலை ஊற்றினால் வேலை சீக்கிரம் முடியும். கதவு இரண்டு நாள் திறந்தே இருக்கும். அதன் முன்னால் ஆள் நின்றுகொண்டே இருக்க வேண்டும்.

"நாலு மணிக்குத் திறக்கலாம்" என்றார் ஜெசிந்தா.

"நான் நிக்கேன், ஓவர்" என்றான் கிளாட்வின்.

மூன்று மணி இருக்கும். கன்ட்ரோல் ரூமில் கோமதிநாயகம் தனியாக உட்கார்ந்திருந்தார். செய்வதற்கு ஒன்றும் இல்லை. மேஜையில் அந்தப் பேனாக் குழலும், யாரோ கேன்டீனிலிருந்து விளையாட்டுக்குக் கொண்டுவந்து போட்ட உருளைக்கிழங்கும் கிடந்தன. சும்மா இருக்க மாட்டாமல் ஒரு வில்லை நறுக்கினார். குழலின் ஒரு முனையைக் குத்தினார். ஏதோ ஞாபகத்தில் திருப்பி மறுமுனையையும் குத்தினார். இரண்டு முனையும் அடைத்துக்கொண்டது. 'என்னத்தச் செய்தோம்' என்று நினைத்து, பின்னால் இருந்த துண்டை ரீஃபிலால் மெல்ல உள்ளே தள்ளினார்.

பாதி தூரம்கூடப் போகவில்லை. முன்னால் இருந்த துண்டு டமாரென்று வெடித்துப் பறந்து எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் அடித்தது. அவர் ஊதவே இல்லை. இரண்டு துண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட காற்றுதான் அதை அடித்தது.

கோமதிநாயகம் கையில் இருந்த குழலைப் பார்த்தார்.

பத்து மணிக்கு ஒரு தடவை. பதினொரு மணிக்கு ஒரு தடவை. மெத்தனால் இல்லாத தண்ணீர் இரண்டு தடவை குழாய்க்குள் போயிருக்கிறது. முதலில் போனது முன்னால் ஓடியிருக்கும். இரண்டாவது பின்னால்.

கட்டி ஒன்று இல்லை. இரண்டு.

இரண்டு பக்கமும் இறக்கியாயிற்று. நடுவில் மாட்டிக்கொண்ட காஸை யார் இறக்கினார்கள்? யாரும் இறக்கவில்லை. அது தொண்ணூறு கிலோவில் அப்படியே இருக்கிறது. அதற்கும் கிளாட்வினுக்கும் நடுவில், பன்னிரண்டு நாளாக இளகிக்கொண்டிருக்கும் ஒரு கட்டி.

முதலில் அவர் நினைத்தது கிளாட்வினை இல்லை. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பிரிவு உபசார மேடையையும், மாலையையும், "ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது" என்று மேனேஜர் பேசப்போவதையும்தான் நினைத்தார். பிறகு ஜெசிந்தாவின் நோட்டை நினைத்தார். அதில் தன் பெயரைப் போட்டு, தான் சொன்னதை எழுதியிருந்த பக்கங்கள். கடைசியாகத்தான் அந்தப் பையன் தைலம் தேய்த்துவிடும் கையை நினைத்தார். நினைத்ததும் எழுந்தார்.

வராந்தாவுக்கு வந்து, "மேடம்!" என்று கத்தினார். கைப்பிடியைப் பிடித்து நொண்டி நொண்டிப் படியிறங்கினார். கீழே ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஜெசிந்தா நின்றுகொண்டிருந்தார். தனக்காகவே காத்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது அவருக்கு.

"மேடம், கட்டி ஒண்ணு இல்ல."

"என்ன அண்ணாச்சி சொல்லுதீங்க?"

"பம்பு ரெண்டு தடவை நின்னுது. பத்து மணிக்கு ஒரு தடவை. ஓடுதுன்னு எழுதியிருக்கேன். ஓடல. அட்வான்ஸ் போட்டிருந்தேன்."

"எவ்வளவு நேரம் நின்னுது?"

"அரை மணி இருக்கும். அப்புறம் ஓட்டினேன். ஒரு மணி நேரம் ஓடிட்டுத்தான் மறுபடி நின்னுது."

"நடுவுல ஒரு மணி நேரம்."

"ஆமா."

ஜெசிந்தா நோட்டை எடுத்து ஒரு பக்கத்தைத் திருப்பினார். அதையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தம் வற்றிப்போயிற்று. கோபம் என்று கோமதிநாயகம் நினைத்துக்கொண்டார்.

"ஒரு மணி நேரத்துல அந்தக் குழாயில காஸ் மூணு கிலோமீட்டர் போகும்" என்றார் ஜெசிந்தா, யாரிடமோ சொல்வதுபோல. அடுத்த நொடி ரேடியோ அறைக்கு ஓடினார்.

"கிளாட்வின், கதவைத் தொடாதீங்க. எல்லாரும் மேல் தளத்துக்குப் போங்க. இப்பவே."

"ஸ்பேனரு கையில இருக்கு மேடம், ஓவர்."

"கீழ போட்டுட்டுப் போங்க."

கிளாட்வின் முதல்முறையாக அண்ணாச்சியின் காலைப் பற்றிக் கேட்கவில்லை.

ஜெசிந்தா வெளியே வந்தார். கோமதிநாயகம் தலைகுனிந்து நின்றார். இரண்டு அறை விட்டால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்.

"நன்றி அண்ணாச்சி" என்றார் ஜெசிந்தா.

அவ்வளவுதான் சொன்னார்.

அன்று சாயங்காலத்துக்குள், மேலிருந்தே இயக்கி, இரண்டு பக்கமும் மறுபடி மெல்ல மெல்ல நாற்பது கிலோவுக்கு ஏற்றினார்கள். நடுவில் இருப்பதற்கும் வெளியில் இருப்பதற்கும் இடையே உள்ள வித்தியாசம் குறைந்தால் கட்டி பாயாது. பன்னிரண்டு நாள் பாடுபட்டு இறக்கியதை ஏற்றுவதைப் பார்த்து மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பத்தேகால் மணிக்கு, யாரும் எதையும் தொடாமலே, பிளாட்ஃபார்ம் பக்க முள் நாற்பதிலிருந்து எழுபத்தைந்துக்கு ஒரே குதியில் போய் நின்றது. பிளாட்ஃபார்மில் இருந்தவர்களுக்குக் காலடியில் ஒரு உதறல் தெரிந்ததாம். பிளாட்ஃபார்ம் பக்கத்துக் கட்டி விட்டுக்கொடுத்திருந்தது. நடுவில் மாட்டியிருந்த காஸ் வெளியே வந்துவிட்டது. கதவு திறந்திருந்தால், அந்த நேரத்தில் அதன் முன்னால் கிளாட்வின் நின்றிருப்பான்.

ரேடியோவில் அவன் குரல் வந்தது.

"எழுபத்தஞ்சு" என்றான். 'ஓவர்' சொல்ல மறந்துவிட்டான்.

நாலாம் நாள் ஷிப்ட் மாறி அவன் கரைக்கு வந்தான். படகிலிருந்து இறங்கி நேராகக் கோமதிநாயகத்தின் முன்னால் வந்து நின்றான்.

"அட்வான்ஸ் போட்டியளாமே."

"ஆமாடே."

கிளாட்வின் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அதை இங்கே எழுத முடியாது. கோமதிநாயகம் கேட்டுக்கொண்டார். இன்னொன்றும் சொன்னான். அதையும் கேட்டுக்கொண்டார். பிறகு அவன் அவரைக் கட்டிப்பிடித்துத் தேம்பித் தேம்பி அழுதான். மறைத்ததற்கு வைதான், சொன்னதற்கு அழுதான். இரண்டும் நியாயமாகவே பட்டது அவருக்கு. அவரும் அழுதார்.

விசாரணை நடந்தது. கோமதிநாயகத்துக்குக் கண்டனக் கடிதம் வந்தது. இருபத்தொன்பது வருடத்தில் முதல் கறுப்புப் புள்ளி. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் படித்துக் காட்டினார். "சாப்பிட வாங்க" என்றார் அந்த அம்மாள். அன்று அவர் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

இரண்டு கட்டிகளும் கரைய இன்னும் பதினான்கு நாள் ஆயிற்று. இருபத்தேழாம் நாள் காலை குழாயில் காஸ் கரைக்கு வந்தது. ஜெசிந்தா ஊருக்குக் கிளம்பினார்.

அதற்குள் கேன்டீனில் கதை வளர்ந்திருந்தது. மேடத்துக்கு முதல் நாளே எல்லாம் தெரியும். மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். வாயால் கேட்டால் அண்ணாச்சி சொல்ல மாட்டார் என்றுதான் உருளைக்கிழங்கை வைத்து நாடகம் ஆடினார். நேரம் பார்த்துப் படிக்கட்டடியில் போய் நின்றார். இந்தக் கதையை எல்லாரையும்விட அதிகமாகச் சொன்னவர் கோமதிநாயகம்தான். சொல்லச் சொல்ல அவருக்கே மெய்சிலிர்க்கும்.

ஜீப் வாசலில் நின்றது. அவித்த பனங்கிழங்கு ஒரு கட்டு கொண்டுவந்து கொடுத்தார். ஜெசிந்தா வாங்கிக்கொண்டு முகத்துக்கு நேராகப் பிடித்து முகர்ந்தார். முகம் மலர்ந்தது.

கோமதிநாயகம் கைகளைக் கூப்பினார்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கேன். நான் மறைக்கேன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"கேன்டீன்ல என்ன சொல்லுதாங்க?"

"முதல் நாளே தெரியும்னு."

"நீங்க?"

"நானும் அப்படித்தான் நினைக்கேன். உங்க வாயால கேக்கணும்னு ஆசை."

ஜெசிந்தா பனங்கிழங்கை ஜீப் இருக்கையில் வைத்தார். நோட்டை எடுத்து, அன்று படிக்கட்டடியில் பார்த்த பக்கத்தைத் திருப்பி அவரிடம் நீட்டினார்.

"கையை இறக்கிட்டு இதைப் படிங்க அண்ணாச்சி. அழுத்தத்தை இறக்கும்போது எவ்வளவு காஸ் வெளிய வருதுன்னு அளந்தா, கட்டிக்கு எவ்வளவு தூரம்னு தெரிஞ்சிரும். பிளாட்ஃபார்ம் பக்கம் ஒரு கிலோமீட்டர். அப்ப கரைப் பக்கம் எவ்வளவு வரணும்?"

"இருபத்தொண்ணு."

"எவ்வளவு எழுதியிருக்கேன்?"

கோமதிநாயகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"பதினெட்டு."

"மூணு கிலோமீட்டரைக் காணோம். கீழ என்ன எழுதியிருக்கு?"

"தண்ணீர் தேங்கியிருக்கும்."

"தேதி?"

"கதவு திறக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள்."

"இதையும் ரிப்போர்ட்ல எழுதிட்டேன். எனக்கும் ஒரு கடிதம் வந்திருக்கு."

கோமதிநாயகம் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டைத் திருப்பிக் கொடுக்கவும் மறந்துவிட்டார்.

"அப்ப அன்னிக்குப் படிக்கட்டுல எனக்காக..."

"கதவைத் திறக்கலாம்னு மூணு மணிக்கே கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார் ஜெசிந்தா. அவருடைய கைகள் இப்போது கூப்பியிருந்தன. "டீ குடிக்கப் போய்க்கிட்டிருந்தேன் அண்ணாச்சி."